பிள்ளை என்று பெயர் பெற்ற கீரி

மனிதன் தன் மனையோடு இணைத்துக்கொண்ட விலங்குகள் பல. பாலுக்கு ஆவும் ஆடும், உழவுக்கு எருதும், காவலுக்கு நாயும், எலி பிடிக்கப் பூனையும் என ஒவ்வொன்றும் ஒரு பணியின் பொருட்டே மனை வந்தடைந்தது. பணியின் வழியே பழக்கமும், பழக்கத்தின் வழியே பாசமும் பிறந்தன. இவ்வரிசையில் அதிகம் பேசப்படாத சிறு விலங்குகள் இரண்டு உண்டு. ஒன்று, மேலைநாட்டார் வளர்க்கும் ஃபெரெட். மற்றொன்று, நம் நாட்டுக் கீரி. இரண்டும் நீண்டு மெலிந்த உடலும் குறுகிய கால்களும் உடையவை. வளைக்குள் தலை நுழைத்து இரை தேடும் இயல்பின. ஆயினும் ஒன்று வீட்டு விலங்காயிற்று. மற்றொன்று வீட்டுக்குள் வந்தும் வீட்டு விலங்காகவில்லை. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செல்லப் பிராணி என்ற பெயரில் அயல்நாட்டு விலங்குகளை விலைக்கு வாங்கும் ஆர்வம் நம் இளைஞரிடையே பெருகி வரும் இந்நாளில் இவ்வாராய்ச்சி பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

மேலைநாட்டு ஃபெரெட்

ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்னும் ஊனுண்ணியிலிருந்து மனிதனால் பல தலைமுறைகளாகப் பழக்கி உருவாக்கப்பட்டதே ஃபெரெட். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது மனிதரோடு வாழ்ந்து வருகிறது. முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, இவ்விலங்கின் வாய்க்குக் கட்டுப் போட்டு முயல் வளைகளுக்குள் அனுப்பி, அஞ்சி வெளிவரும் முயல்களைப் பிடித்த முறையைப் பழங்கால நிலநூலார் ஸ்திராபோ எழுதியுள்ளார். உரோமானிய அறிஞர் பிளினியும் முயல் வேட்டையில் இதன் பயனைக் குறித்துள்ளார்.

ஃபெரெட் என்னும் பெயர் திருடன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. பிரெஞ்சு மொழியில் இதனை ஃப்யூரே என்பர். ஒளித்து வைத்தவற்றைத் துருவித் தேடுவதற்கு அம்மொழியில் வழங்கும் வினைச்சொல்லும் இப்பெயரடியாகவே பிறந்தது. விலங்கின் இயல்பு மொழிக்குள் புகுந்து வினையானமைக்கு இது நல்லதொரு சான்றாகும்.

முயல் வேட்டையோடு இதன் பணி முடிந்துவிடவில்லை. 1933ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்னும் அறிஞர் மூவரும் மனிதரைத் தாக்கும் இன்ஃபுளூயன்சா காய்ச்சலை ஃபெரெட்டுக்குத் தொற்றச் செய்து, அந்நோய்க்குக் காரணம் வைரசே என நிறுவினர். நோயுற்ற ஃபெரெட் தும்மியதால் ஆய்வாளர் ஒருவருக்கே அக்காய்ச்சல் தொற்றியதும் பின்னர்ப் பதிவாகியுள்ளது. இன்றும் காய்ச்சல் தடுப்பு மருந்து ஆய்வில் இச்சிறு விலங்குக்குத் தனியிடம் உண்டு. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அணுத்துகள் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தபோது, நீண்ட குழாய்களைத் துப்புரவு செய்வதற்காக ஃபெலீசியா என்னும் ஃபெரெட் பயன்பட்டது. கழுத்துப்பட்டையில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு அது குழாயின் மறுமுனைக்குச் செல்லும். பின்னர் அக்கயிற்றால் துடைப்பானை இழுப்பர். வளைக்குள் நுழையும் பிறவிக்குணமே ஆய்வுக்கூடத்துக்குப் பயன்பட்டமை வியத்தற்குரியது.

இத்தகைய விலங்கை நம் ஊரில் வளர்க்கலாமா என்னும் வினா எழுவது இயல்பே. ஃபெரெட்டின் உடல் குளிர்நாட்டுக்கு உரியது. வியர்த்து உடற்சூட்டைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்தாலே அது தளர்ந்து உயிரிழக்கும் நிலைக்கு வரக்கூடும். சித்திரை, வைகாசியில் புதுச்சேரியின் வெயில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அன்றியும், அது முற்றிலும் ஊனுண்ணி. சோற்றையும் ரொட்டியையும் கொண்டு அதன் உயிரைக் காக்க இயலாது. இணை சேராத, கருத்தடையும் செய்யப்படாத பெண் ஃபெரெட் நீண்ட நாள் பருவ நிலையிலேயே இருந்து, இரத்தச் சோகையுற்று மடிவதும் உண்டு. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் இதற்குப் பெரும்பாலும் உயிர்க்கொல்லியே. இவற்றையெல்லாம் அறியாது அழகு கருதி வாங்குவோர், அன்பின் பெயரால் துன்பமே செய்பவராவர்.

தமிழில் கீரி

ஃபெரெட் நமக்கு அயல் விலங்கு. கீரியோ நம் வயலுக்கும் வேலிக்கும் மொழிக்கும் உரியது. பாகூர்ப் பக்கத்து நெல்வயல் வரப்பிலும், ஊசுட்டேரியின் கரைப்புதரிலும், ஊருக்குள்ளேயே பழைய மதில்களின் ஓரத்திலும் அது விரைந்து மறைவதைக் கண்டவர் நம்மிடையே பலர். தோற்றத்தில் ஃபெரெட்டை ஒத்தாலும் அதன் இனத்தைச் சேர்ந்ததன்று. விலங்கியலார் வகுப்பின்படி ஃபெரெட் நாயின் பக்கத்துக்கும், கீரி பூனையின் பக்கத்துக்கும் உறவுடையன.

தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்களைக் கூறுமிடத்து, மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமையையும் குட்டி எனலாம் என்கிறது. பறழ் எனவும் வழங்கலாம் எனத் தொடர்கிறது. மூங்கா என்பது கீரி என உரைகாரர் விளக்குவர். தெலுங்கில் முங்கிச என்றும், கன்னடத்தில் முங்குசி என்றும், மராத்தியில் முங்கூஸ் என்றும் இவ்விலங்குக்கு வழங்கும் பெயர்களோடு இச்சொல்லை ஒப்பிட்டுக் காண்க. தென்னாட்டுச் சொல்லே போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பா சென்று, பிரெஞ்சில் மாங்கூஸ்த் எனவும், ஆங்கிலத்தில் மாங்கூஸ் எனவும் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையில் அவர்கள் கீரியைத் தம் மொழியில் அழைத்தபோதெல்லாம், மூங்காவின் உறவுச் சொல்லையே உச்சரித்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இலக்கணம் குட்டி என்று கூறினும், மக்கள் வழக்கு கீரிப்பிள்ளை என்றே வழங்குகிறது. அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்பனவும் இத்தகையனவே. பேணி வளர்ப்பதையும், கண்டு மகிழ்வதையும் பிள்ளை என அழைப்பது தமிழர் பண்பு. சிலப்பதிகாரத்திலும் இளங்கோவடிகள் நகுலம் என்னும் சொல்லோடு பிள்ளை என்னும் சொல்லையும் சேர்த்தே வழங்குகிறார். ஆகவே, கீரியை மனையில் வளர்த்த வழக்கம் நம்மிடையே பழமையானது எனத் துணியலாம்.

கடல் கடந்த கதை

அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் அறச்செயல்களை எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழிக்கு ஆளாகிக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணொருத்திக்குக் கோவலன் பொருள் ஈந்து, அவள் பழி தீரத் தானம் செய்வித்து, பிரிந்த கணவனோடு சேர்த்து வைத்தது. அவள் கதை யாவரும் அறிந்ததே. தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தீண்ட வந்த பாம்பைக் கொன்ற கீரி, குருதி தோய்ந்த வாயோடு தாயை எதிர்கொள்கிறது. பிள்ளையைக் கடித்துவிட்டது என எண்ணிய தாய் அதனைக் கொல்கிறாள். உள்ளே சென்று பார்த்தபோதே உண்மை விளங்குகிறது.

இளங்கோவடிகள் இந்நிகழ்ச்சியை அமைத்துள்ள இடம் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. அடைக்கலக் காதையை அடுத்து வருவது கொலைக்களக் காதை. ஆராயாது கீரியைக் கொன்றவளின் பழியைத் தீர்த்து வைத்த கோவலனே, அடுத்த காதையில் ஆராயாத அரசாணையால் கொல்லப்படுகிறான். கீரியின் வாயில் கண்ட குருதியும், கோவலன் கையில் கண்ட சிலம்பும் கண்ணுக்குத் தெரிந்த சான்றுகளே. இரண்டும் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டன. கண்டதைக் கொண்டே முடிவு கட்டுதல் எத்துணைக் கொடியது என்பதை ஒரு சிறு விலங்கின் சாவைக் கொண்டு காவியம் முன்னதாகவே உணர்த்திவிடுகிறது எனலாம்.

பஞ்சதந்திரத்திலும் இடம்பெறும் இக்கதை உலகெங்கும் சென்ற வரலாறு சுவையானது. பாரசீக மன்னர் நௌஷீர்வான் காலத்தில், ஆறாம் நூற்றாண்டில், பஞ்சதந்திரம் பகலவி மொழிக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதனைக் 'கலீலா வதிம்னா' என அரபியில் ஆக்கினார். அரபு நூலில் கீரியின் இடத்தில் இப்னு இர்ஸ் வருகிறது. இது ஃபெரெட்டின் குடும்பத்தைச் சேர்ந்த வீசல் என்னும் சிறு விலங்கு. கேட்போர் அறிந்த விலங்கைக் கதைக்குள் கொண்டுவருதல் மொழிபெயர்ப்பின் இயல்பு. ஐரோப்பாவில் அது நாயாக மாறியது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரை அடுத்த பகுதியில், குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்தும் ஆராயாது கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட வேட்டைநாய் ஒன்றைப் புனிதராகக் கருதி, நோயுற்ற குழந்தைகளை அதன் கல்லறைக்குத் தாய்மார் எடுத்துச் சென்றனர். எத்தியேன் தெ பூர்போன் என்னும் துறவி இதனைக் கண்டித்து எழுதி வைத்துள்ளார்.

கீரி, வீசல், நாய் என விலங்கு மாறிய போதும் கதையின் அறம் மாறவில்லை. 1792இல் புதுச்சேரி வந்திறங்கிய பாதிரியார் அபே துபுவா, தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளைக் கொண்டு பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் ஆக்கி 1826இல் பாரிசில் வெளியிட்டார். தாண்டவராய முதலியாரின் தமிழ் உரைநடைப் பஞ்சதந்திரம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. கதைகள் கப்பலேறிச் சென்ற துறைகளுள் புதுவையும் ஒன்று என நாம் பெருமை கொள்ளலாம்.

கீரியும் பாம்பும்

தீராப் பகைக்குக் 'கீரியும் பாம்பும்' என்பது நம் வழக்கு. சந்தைகளிலும் தெருமுனைகளிலும் கூடையில் பாம்பையும் கயிற்றில் கீரியையும் வைத்துக்கொண்டு, இதோ சண்டை விடப் போகிறேன் எனக் கூட்டம் சேர்த்து, சண்டை விடாமலே தாயத்து விற்றுச் செல்லும் வித்தைக்காரரை மூத்தோர் நன்கறிவர். கீரி மனிதனுக்குச் செய்த பணிகளுள், ஆள் சேர்க்கும் இப்பணியும் ஒன்றாக இருந்தது.

பாம்பு தீண்டிய கீரி காட்டுக்குள் ஓடிக் கீரிப்பூண்டைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக உள்ளது. உண்மை வேறு. கீரியின் முதற்காவல் அதன் விரைவே. பாம்பைச் சினமூட்டி மீண்டும் மீண்டும் தாக்கச் செய்து, அது களைத்த வேளையில் தலையைக் கவ்வுகிறது. சிலிர்த்து நிற்கும் முரட்டு மயிரும் பற்களைத் தடுக்கிறது. உடலுக்குள்ளும் ஒரு காவல் உண்டு. நாகத்தின் நஞ்சு தசைகளில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்வது. கீரியின் ஏற்பிகள் சற்றே வேறு வடிவில் அமைந்திருப்பதால் அந்நஞ்சு அவற்றைப் பற்ற இயலாது என்பதை இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் 1992இல் விளக்கினர். ஆகவே, காவல் பூண்டில் இல்லை, பிறவியிலேயே உள்ளது. எல்லா நஞ்சையும் எவ்வளவாயினும் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதும் அறியத்தக்கது.

இச்செய்தி வெறும் அறிவுக்காக மட்டும் அன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டிருக்கலாம் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. அஃதாவது, ஆண்டுக்கு ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். கீரியைக் காப்பாற்றாத பூண்டு மனிதனையும் காப்பாற்றாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் உரிய முறிமருந்து மருத்துவமனையில் உண்டு. கடிபட்டவரை அசையாது வைத்துக் காலந்தாழ்த்தாமல் அங்குக் கொண்டு சேர்ப்பதே செய்யத்தக்கது.

கரும்புத் தோட்டத்துப் பாடம்

கீரியின் திறமையைக் கண்டோர் அதனை அயல்நாட்டுக்கும் கொண்டு சென்றனர். 1872இல் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்ட உரிமையாளர் எஸ்பியூட், எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். அவை சிறு கீரி என்னும் வகையின. தொடக்கத்தில் எலிகள் குறைந்தன. மகிழ்ந்த ஏனைய தீவினரும் அவற்றை வாங்கினர். 1883இல் ஹவாய்த் தீவுகளுக்கும், அந்நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் அவை சென்று சேர்ந்தன.

இத்தீவுகளின் பெயர் நமக்குப் புதியதன்று. 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒரே கரும்புத் தோட்டத்துக்கு நம் மக்களும் சென்றனர். நம் நாட்டு விலங்கும் சென்றது. இரு சாராரையும் பிறர் பயன் கருதியே கொண்டு சென்றனர்.

விளைவு என்னாயிற்று? எலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது. கீரி பகலில் வேட்டையாடுவது. ஆகவே, எலியை விடுத்து, நிலத்தில் கூடு கட்டும் பறவைகளையும், அவற்றின் முட்டைகளையும், ஓணான் முதலியவற்றையும், கோழிக்குஞ்சுகளையும் கீரிகள் தின்று தீர்த்தன. சில தீவுகளில் வெறிநோயைப் பரப்பும் விலங்காகவும் ஆயின. இப்பாடம் தெரிந்த பின்னரும், 1979இல் ஜப்பானின் அமாமித் தீவில் ஹபு என்னும் நச்சுப்பாம்பை ஒழிக்க ஏறத்தாழ 30 கீரிகளை விட்டனர். ஹபுவும் இரவில் இரை தேடுவதே. கீரிகள் அத்தீவுக்கே உரிய அரிய முயலை வேட்டையாடின. அவற்றைப் பிடித்து ஒழிக்கப் பல்லாண்டுகள் பாடுபட்ட ஜப்பானிய அரசு, 2024 செப்டம்பரில்தான் அத்தீவில் கீரி முற்றிலும் ஒழிந்ததாக அறிவித்தது.

ஃபெரெட்டின் வரலாறும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் முயல்களை ஒழிக்க நியூசிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அது, பறக்கவியலாத அந்நாட்டுப் பறவைகளை அழித்தது. 2002இல் ஃபெரெட்டை வளர்ப்பதையும் விற்பதையும் அந்நாடு தடை செய்தது.

தொட்டிலருகே குருதியைக் கண்ட தாய் ஆராயாது கொன்றாள். வயலில் எலியைக் கண்ட முதலாளியோ ஆராயாது வரவழைத்தார். முன்னது வெறுப்பில் பிறந்த அவசரம். பின்னது ஆசையில் பிறந்த அவசரம். இரண்டிலும் விலங்கின் மீது பிழையில்லை.

வளர்த்தலும் வாழவிடுதலும்

கீரிக்குட்டியை எடுத்து வளர்த்தால் எளிதில் பழகும், பின்னாலேயே ஓடிவரும், மடியில் உறங்கும். ஆனால் பழகுதல் வேறு, வீட்டு விலங்காதல் வேறு. மனிதன் தேர்ந்தெடுத்து இணைசேர்த்த பல நூறு தலைமுறைகளின் விளைவு ஃபெரெட். கீரியின் ஒவ்வொரு குட்டியும் காட்டு விலங்காகவே பிறக்கிறது. வளர்ந்தபின் கூண்டில் அடங்காது, கடிக்கும், அண்டை வீட்டுக் கோழியை விடாது.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்காகும். அதனைப் பிடித்தலும் கொல்லுதலும் அதன் உறுப்புகளை விற்றலும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். ஓவியத் தூரிகை செய்வதற்காக, மயிரின் பொருட்டுக் கீரிகளைக் கொல்லும் மறைமுக வாணிகம் நம் நாட்டில் இன்னும் நடைபெறுகிறது. தூரிகை வாங்கும் மாணவர், அது எதனால் ஆனது எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். செயற்கை இழைத் தூரிகைகள் இன்று எளிதில் கிடைக்கின்றன.

பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது வெளியே சென்று இரை தேடவும் விடாமல் சாகச் செய்த பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானாள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி. இதில் இரு கடமைகள் அடங்கியுள்ளன. வைத்துக்கொண்டால் பேண வேண்டும். பேண இயலாவிடில் தன் இரையைத் தானே தேட விட வேண்டும். ஃபெரெட் முதற்கடமைக்கு உரியது. அதனைப் பேணுதற்குரிய தட்பமும் உணவும் மருத்துவமும் அமைந்த நாட்டில் அது வாழட்டும். கீரி இரண்டாம் கடமைக்கு உரியது. வேலியோரப் புதரையும், வயல் வரப்பின் வளையையும் அழிக்காது விட்டாலே போதும். எலியையும் பாம்பையும் அது தானே பார்த்துக்கொள்ளும். சம்பளமும் உணவும் கேளாத வேலைக்காரன் அது.

பிள்ளை என்று பெயரிட்ட நம் முன்னோர், அந்தப் பிள்ளையை ஆராயாது கொன்றவளின் கதையையும் நமக்கு விட்டுச் சென்றனர். பெயர் அன்பைக் கற்பிக்கிறது. கதை அறிவைக் கற்பிக்கிறது. அன்பு மட்டும் இருந்தால் கூண்டு செய்வோம். அறிவும் சேர்ந்தால் புதரைக் காப்போம். வேலி தாண்டி ஓடும் கீரியைக் காணும்போது, அதனைப் பிடிக்கக் கை நீட்டாமல் வழி விட்டு நிற்பதே, பிள்ளை என்னும் பெயருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.